மூன்று முறை தட்டப்பட்ட கதவு

இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் ஊர்களை நாம் தோலின் பெயரால் அறிந்திருக்கிறோம். பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும், அவற்றின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996ல் அளித்த தீர்ப்பும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. இதே மண்ணுக்கு அதிகம் எழுதப்படாத இன்னொரு வரலாறும் உண்டு. வளரிளம் பெண்ணின் உடல் குறித்து யார் முடிவெடுத்தார்கள், யாரிடம் எதுவும் கேட்கப்படவில்லை என்பதன் வரலாறு அது.

தொடக்கம் பலரும் அறிந்த கதைதான். ஐடா ஸ்கடர் 1870ல் இராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனரி மருத்துவர்களின் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்து, நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்திருந்தார். அங்கே ஓர் இரவில் மூன்று ஆடவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஆண் என்பதால் அவரை அழைத்துச் செல்ல மூவரும் இசையவில்லை. ஐடா பெண், ஆனால் மருத்துவம் அறியாதவர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருத்திக்கு வயது 14 என்று ஐடாவின் வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன.

அந்த இரவுக்குப் பின் ஐடா மருத்துவம் கற்றார். 1899ல் பட்டம் பெற்று, 1900ல் வேலூரில் ஒரே படுக்கையுடன் மருத்துவம் தொடங்கினார். 1902ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும், 1909ல் செவிலியர் பள்ளியும், 1918ல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியும் எழுந்தன. இன்றைய கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வேர் இதுவே. ஆண் மாணவர்கள் அங்கு சேர்க்கப்பட்டது 1947ல்தான்.

இக்கதை எப்போதும் ஒரு பெண் தன் வாழ்வின் பணியைக் கண்டடைந்த கதையாகவே சொல்லப்படுகிறது. அது தவறன்று. ஆயினும் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறந்த மூவருக்கும் இக்கதையில் பெயரில்லை. கதவைத் தட்டியவர்கள் கணவர்கள். ஆண் மருத்துவர் வேண்டாமென்று முடிவெடுத்தவர்களும் அவர்களே. வலியில் கிடந்தவளிடம் எவரேனும் கேட்டார்களா என்பதற்குக் கதையில் விடையில்லை.

பெண் மருத்துவர் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வேலூர் விடை தந்தது. 14 வயதுச் சிறுமி ஏன் பிரசவ வலியில் கிடந்தாள் என்பது வேறொரு கேள்வி. அந்த வயதில் இடுப்பெலும்பு முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. குழந்தையின் தலை வெளிவர வழியின்றிச் சிக்கிக்கொள்ளக்கூடும். தாய் பிழைத்தாலும் சிறுநீர்ப்பையில் புண்ணும் துளையும் ஏற்பட்டு வாழ்நாள் முழுதும் அவதியுற நேரும். இது மருத்துவத்தால் மட்டும் தீரக்கூடியதன்று.

அந்தக் கேள்வியைச் சட்டம் மெல்லத்தான் தொட்டது. 1889ல் வங்காளத்தில் பூல்மணி என்ற சிறுமி கணவனின் வன்புணர்ச்சியால் இறந்தாள். அவள் வயது பத்தைக் கடந்துவிட்டதால் சட்டப்படி அது வன்புணர்ச்சி ஆகவில்லை. 1891ல் இசைவு வயது 10லிருந்து 12ஆக உயர்த்தப்பட்டபோது, திலகர் போன்ற தலைவர்களே அதை எதிர்த்தனர். சென்னை சட்டமன்றத்தில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி மணவயதை உயர்த்தக் குரல்கொடுத்தார். 1929ன் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கியது. 1978ல் அது 18 ஆனது. ஆனால் குற்றவியல் சட்டமோ, 15 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவை வன்புணர்ச்சியாகக் கருதாமலே இருந்தது. உச்ச நீதிமன்றம் 2017ல் தலையிட்டு அந்த வயதையும் 18 ஆக்கியது. மணமுடிக்க 18 வேண்டும், மணமான பின் 15 போதும் என்ற முரண் 39 ஆண்டுகள் நீடித்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. 2019-21ன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன் மணமானோர் இந்தியாவில் 23.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு. பிற மாநிலங்களை நோக்கி ஆறுதல் கொள்ளலாம். ஆனால் எட்டில் ஒருத்தி என்று எண்ணிப் பார்த்தால் ஆறுதல் நிலைப்பதில்லை. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் தையல் எந்திரங்களின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். சொந்தக் கூலி, தன் திருமணம் குறித்து வாய்திறக்கும் துணிவை ஒரு பெண்ணுக்குத் தரக்கூடும். ஆனால் மாதவிலக்கு, கருத்தரிப்பு, விரும்பாத தொடுகை ஆகியவற்றைப் பற்றி அவளிடம் யார் பேசுகிறார்கள்? அரசு 2011 முதல் வளரிளம் பெண்களுக்கு இலவச அணையாடை வழங்குகிறது. பொருள் கைக்கு வந்துவிட்டது. அது குறித்த பேச்சுதான் வீட்டுக்குள் நுழையத் தயங்குகிறது.

2012ன் போக்சோ சட்டம் சிறார்களைக் காக்க வந்தது. அதன்படி, 18 நிறையாத பெண் கருவுற்று வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த அச்சமே ஒரு சிறுமியை மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிடக்கூடும். கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் வேண்டினால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022ல் உச்ச நீதிமன்றம் கூறியது இதனை உணர்ந்துதான்.

திண்டிவனத்தில் அன்று கதவு திறந்தது. உள்ளே உதவத் தகுந்த பெண் இல்லை. இன்று வேலூரில் தகுந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தச் சிறுமி தானே நடந்து வந்து அஞ்சாமல் கதவைத் தட்ட முடிகிற நாளில்தான் அவ்விரவு முழுதாக விடிந்ததாக நாம் கொள்ளலாம்.