நெசவுத் தெருவும் விதிவிலக்கும்

புதுச்சேரியின் தெருக்கள் நூல் பிடித்ததுபோல் நேராக ஓடுவதைப் பார்ப்பவர்கள் பிரெஞ்சுக்காரர்களைப் பாராட்டுவது வழக்கம். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு டச்சுக்காரர்களுக்குச் சேர வேண்டியது. 1693-இல் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மர்த்தேனிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1699-இல் திருப்பிக் கொடுக்கும் வரை ஆறாண்டுகள் இங்கே இருந்தார்கள். அந்தக் குறுகிய காலத்திலேயே குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் வகுத்து வரைபடம் தயாரித்துவிட்டார்கள். நெதர்லாந்தில் கிடைத்த அந்த வரைபடங்களை ஆராய்ந்து இதை நிறுவியவர் வரலாற்றாசிரியர் ழான் தெலோஷ். நெசவாளருக்கான தெருக்களும் அந்தத் திட்டத்தில் இருந்தன. துணி வாங்கத்தான் ஐரோப்பியர் இந்தக் கரைக்கு வந்தார்கள். தறி இல்லாத ஊரில் கிடங்குக்கு வேலை இல்லை.

நெசவாளர் தெரு என்பது குடியிருப்பு மட்டுமல்ல. வீட்டுக்குள்ளே குழித்தறி, வாசலில் நூல் காயும், தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். தெருவே பட்டறை. பழைய ஊரைச் சுற்றிய புல்வார் சாலைக்கு வடக்கே வளர்ந்த முத்தியால்பேட்டை இப்படிப்பட்ட நெசவுப் பேட்டைதான். பாரதி புதுச்சேரியில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையிலான காலத்தில் அவருக்கு நெருக்கமாக இருந்த கிருஷ்ணசாமிச் செட்டியார் இந்தப் பேட்டைக்காரர். குயில் பாட்டோடு சேர்த்துப் பேசப்படும் தோப்பு அவருடையது. அந்தக் காலத்து முத்தியால்பேட்டையில் தறியும் தோப்பும் வீடும் அடுத்தடுத்து இருந்தன. இது குடியிருப்பு, இது தொழில், இது வேளாண்மை என்று யாரும் கோடு போட்டுப் பிரிக்கவில்லை.

அப்படியானால் பழைய ஊரில் கட்டுப்பாடே இல்லையா? இருந்தது. அது நிலத்தின் பயனைப் பார்த்து வைத்த கட்டுப்பாடு அல்ல. ஆளைப் பார்த்து வைத்தது. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். தமிழர் நகரத்துக்குள்ளும் வைசியாள் வீதி, வெள்ளாள வீதி, செட்டித் தெரு என்று சாதிக்கொரு வீதி. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. நிலத்தைப் பயன்வாரியாக மண்டலம் பிரிக்கும் இன்றைய சட்டத்தின் குறைகளைப் பேசும்போது பழைய ஊரின் ஒழுங்கை ஏக்கத்தோடு நினைத்துக்கொள்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

விதிவிலக்குக் கேட்கும் பழக்கமும் அப்போதே தொடங்கிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேசு சபையாரின் வற்புறுத்தலால் கோயில்களுக்கும் திருவிழாக்களுக்கும் பிரெஞ்சு ஆட்சி தடை போட முனைந்தது. ஊர் மக்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பத் தயாரானார்கள். நெசவாளரும் வணிகரும் போய்விட்டால் பிரெஞ்சுக் கும்பினியின் கப்பல் வெறுமையாகத்தான் திரும்பும். ஆட்சி இறங்கி வந்தது. சட்டப் புத்தகத்தில் இடமில்லாத இந்த முறைக்கு வலு இருந்தது; ஆனால் அது ஒருவரும் போக முடியாத காலங்களில் பலிக்கவில்லை. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்த நாட்களின் வேதனையைப் பதிவு செய்திருக்கிறது.

1761-இல் ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் திரும்பி வந்து பழைய தெருக்கோடுகளின் மேலேயே ஊரை மறுபடி எழுப்பினார். பிறகு கோட்டைச் சுவர்கள் இருந்த இடத்தில் புல்வார் வந்தது. முத்தியால்பேட்டை அதற்கு வெளியே நின்றது.

இன்று நாம் அறிந்த மண்டலச் சட்டம் அமெரிக்காவில் பிறந்த இடம் நியூயார்க். அந்தக் கதையிலும் துணித் தொழில் வருகிறது. ஐந்தாம் அவென்யூவின் பெருங்கடைக்காரர்களுக்குத் தங்கள் வீதியை நோக்கி நகர்ந்து வந்த ஆயத்த ஆடைப் பட்டறைகள் பிடிக்கவில்லை. மதிய இடைவேளையில் நடைபாதையை நிறைத்த ஏழைத் தையல் தொழிலாளர் வாடிக்கையாளரை விரட்டிவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். 1915-இல் எழுந்த எக்விடபிள் கட்டடம் சுற்றியிருந்த தெருக்களின் வெளிச்சத்தை மறைத்ததும் சேர்ந்துகொள்ள, 1916-இல் நகரம் முழுமைக்குமான அமெரிக்காவின் முதல் மண்டல விதி அங்கே வந்தது. கூடவே விலக்குக் கோரும் மனுக்களை விசாரிக்க ஒரு வாரியமும் அமைந்தது. விதி எழுதியவர்களுக்கே தெரியும், எல்லா மனைக்கும் ஒரே சட்டை பொருந்தாது என்று.

அமெரிக்க நகரங்களில் இந்த மனுக்கள் இருவகைப்பட்டன. ஒன்று சிறப்பு அனுமதி: குடியிருப்புப் பகுதியில் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ வரலாம், ஆனால் இன்னின்ன நிபந்தனைகளோடு என்று விதியே முன்கூட்டிச் சொல்லியிருக்கும். மற்றது விதித் தளர்வு: மனையின் வடிவமோ சரிவோ காரணமாக விதியை அப்படியே பின்பற்றினால் உரிமையாளருக்கு நியாயமற்ற துன்பம் வரும் என்று காட்டிக் கேட்பது. இரண்டுக்கும் அக்கம்பக்கத்தாருக்கு முன்னறிவிப்பு உண்டு. விசாரணை ஊரறிய நடக்கும்.

சென்னை மாகாணத்தில் 1914-இல் தொடங்கி நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் ஊர் ஊராகச் சென்று அறிக்கைகள் எழுதினார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த புதுச்சேரியை அது தொடவில்லை. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகே இந்திய முறையிலான திட்டமிடல் இங்கே வந்தது. புதுச்சேரி நகர ஊரமைப்புச் சட்டம் 1969-ஆம் ஆண்டுக்குரியது. கட்டட விதிகளும் மண்டல ஒழுங்குமுறைகளும் 1972-இல் வந்தன; 2012-இல் அவை புதுக்கி எழுதப்பட்டன. கட்டட அனுமதி தரும் பொறுப்பு நகர அமைப்புக் குழுமத்திடம் வந்தது.

பழைய பேட்டையின் மனையும் புதிய விதியும் எப்படி மோதும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். நெசவாளர் மனை முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு போகும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி நிற்கும். பதினைந்தடி அகல மனையில் இருபக்கமும் ஐந்தடி விடச் சொன்னால் மிஞ்சுவது ஐந்தடி வீடு. வீட்டுக்குள் தறி போட்டவரைப் பார்த்து, இது குடியிருப்பா தொழிற்கூடமா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? உண்மையான துன்பத்தின் பேரில் விலக்குக் கேட்க இப்படிப்பட்டவர்களுக்குத்தான் முதல் உரிமை.

அண்டை மாநிலத்தில் நடந்தது வேறு. தமிழ்நாட்டின் 1971-ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. வாரியம் இல்லை, அண்டை வீட்டாருக்கு அறிவிப்பு இல்லை, ஊரறிந்த விசாரணை இல்லை. ஓர் அரசாணை போதும். 1987, 1988-ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து 60-க்கும் மேற்பட்ட விலக்காணைகள் வந்தன. சென்னையின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் வழக்குத் தொடுத்தது. 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிரிவு செல்லும் என்றது. ஆனால் காரணம் கூறாமல் வாரி வழங்கிய விலக்குகளை ஏற்கவில்லை. விலக்களிக்கும் அதிகாரம் சட்டத்தின் நோக்கத்தையே அழிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதற்குள் 113-ஏ பிரிவு வந்துவிட்டது. 1999 பிப்ரவரி இறுதிக்குள் விதிமீறிக் கட்டியவர்கள் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்ற இந்த ஏற்பாட்டை, ஒரே ஒரு முறைக்கானது என்பதால் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த ஒரு முறை பல முறையாக நீட்டிக்கப்பட்டது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. 2007-இல் விதிமீறிய கட்டடங்களின் இடிப்பைத் தள்ளிப்போட அவசரச் சட்டம் வந்தது. 2008 செப்டம்பர் 1 அதிகாலையில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு பல மாடிக் கடை எரிந்தது. உள்ளே இருந்த ஊழியர் இருவர் இறந்தனர். 2017-இல் அதே வட்டாரத்தில் இன்னொரு துணிக்கடைக் கட்டடம் பற்றி எரிந்து, இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. கட்டடத்தைச் சுற்றி விடச் சொல்லும் இடைவெளி எதற்கு என்பதைத் தீயணைப்பு வண்டிக்காரரைக் கேட்டால் தெரியும்.

நல்ல தளர்வு எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் தொலைவில் இல்லை. தமிழர் வீடுகளின் அடையாளமான தாழ்வாரம் தெருவோரத்தில் மரத்தூண்கள் மீது ஓட்டுக் கூரை போட்டு நிற்பது. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கும் நிழல் அது. இன்றைய சாலைக் கணக்கில் பார்த்தால் ஆக்கிரமிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா-அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்ஃபிராஞ்ச்-த-ருவெர்க்கும் கூட்டாளிகளாகச் சேர, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வைசியாள் வீதியின் முகப்புகளையும் தாழ்வாரங்களையும் மீட்டெடுத்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது. சாலை விதி விட்டுக்கொடுத்தது, காரணம் எல்லாருக்கும் தெரிந்தது, பலன் தெருவுக்கே போனது.

புல்வாருக்குள் இருக்கும் வைசியாள் வீதிக்குக் கிடைத்த இந்த அக்கறை, மணிக்கூண்டைச் சுற்றிய முத்தியால்பேட்டைத் தெருக்களுக்குக் கிடைக்கவில்லை. பாரம்பரியம் என்ற பேச்சு பெரும்பாலும் புல்வாரோடு நின்றுவிடுகிறது. நெசவாளர் வீட்டுக்குக் கட்டடக்கலைப் புகழ் இல்லை என்பது உண்மை. ஆனால் ஊர் உருவானதே அந்தத் தறியால்தான்.

புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்துக்கு வரும் ஒவ்வொரு தளர்வு மனுவையும் அந்தந்தத் தெருவில் தமிழில் ஒட்ட வேண்டும். அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஏன் கொடுத்தோம், ஏன் மறுத்தோம் என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். குறுமனை வீட்டுக்கும் வீட்டுத் தறிக்கும் விதியிலேயே தனி இடம் ஒதுக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. முத்தியால்பேட்டைவாசிகளே, அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு கட்டடம் எழும்போது, அதற்கு எந்த விதி தளர்ந்தது, எந்தக் காரணத்துக்காகத் தளர்ந்தது என்று எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது.