ஜோ மாவருக்கு என்ன விலை? காயப்படும் கேட்சரும் ஃபேண்டசி பேஸ்பாலும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு பேஸ்பால் கதை. பேஸ்பால் தெரியாதவங்களும் தாராளமா கூட வரலாம். கிரிக்கெட்ல விக்கெட் கீப்பர்னா யாருன்னு தெரிஞ்சா போதும். ஃபேண்டசி டீம்ல கீப்பர் இடத்துக்கு உருப்படியா ஒரு ஆள் கிடைக்காம தவிச்ச அனுபவம் இருந்தா இன்னும் நல்லது.

கேள்வி இதுதான்: ஒருத்தர் தன் இடத்துல ஆடுற எல்லாரையும் விட நல்லா பேட்டிங் பண்றார், ஆனா அடிக்கடி காயம்பட்டு உட்கார்ந்துடறார். அவருக்கு என்ன விலை வைக்கலாம்? அமெரிக்காவுல ஃபேண்டசி பேஸ்பால் ஆடுறவங்க பத்து வருஷத்துக்கும் மேல இந்தக் கேள்வியை ஒரே ஒரு பேரை வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பேர் ஜோ மாவர். மினசோட்டா ட்வின்ஸ் அணியின் கேட்சர்.

குந்தி உட்காரும் வேலை

முதல்ல கேட்சர் வேலையைப் பார்த்துடுவோம். வேகப்பந்துக்கு நம்ம கீப்பர் ஸ்டம்புக்கு நல்லா தள்ளி நிற்பார். கேட்சருக்கு அந்த வசதி இல்லை. பேட்டருக்கு நேர் பின்னால, மட்டை வீசுற தூரத்தை ஒட்டியே குந்தி உட்காரணும். பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல வரும். மட்டையின் ஓரத்துல லேசா உரசித் திசை மாறினா நேரா முகமூடியில வந்து அடிக்கும். ஒரு ஆட்டத்துல நூறு தடவைக்கு மேல குந்தி எழுந்திருக்கணும். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், ஆறு மாசத்துக்குள்ள.

இந்த வேலை உடம்பை உடைக்கும்னு ஆரம்பத்துல இருந்தே தெரியும். ஹார்வர்டு பல்கலைக்கழக அணியைச் சேர்ந்த ஃபிரெட் தேயர் 1878-ல் கேட்சர் முகமூடிக்குக் காப்புரிமை வாங்கினார். 1907-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் கேட்சர் ரோஜர் பிரெஸ்னஹன் காலுக்குக் கவசம் கட்டிக்கிட்டு வந்தப்போ கூட்டம் கேலி பண்ணுச்சு. அப்புறம் எல்லாரும் அதையே கட்டிக்கிட்டாங்க. கேட்சரின் கவசங்களுக்கு அமெரிக்காவுல ஒரு செல்லப் பேரே உண்டு: 'அறியாமையின் கருவிகள்'. கொஞ்சம் விவரம் இருக்கிறவன் இந்த வேலைக்கு வருவானாங்கிற கிண்டல் அது.

அதனால கேட்சர் 162 ஆட்டமும் ஆடுறதில்லை. நல்ல ஆரோக்கியமான கேட்சருக்கே 120, 130 ஆட்டம்தான் கணக்கு. காயம்பட்டா அதுவும் குறையும்.

ஒரு விமானப் பயணமும் ஒரு ஹோட்டலும்

இந்த உடம்புக் கணக்கு காசுக் கணக்கா மாறின கதைக்கு வருவோம். 1979 நவம்பர்ல டேனியல் ஓக்ரென்ட்ங்கிற எழுத்தாளர் டெக்சாஸுக்குப் போற விமானத்துல உட்கார்ந்து ஒரு விளையாட்டை யோசிச்சார். நண்பர்கள் ஆளுக்கு ஒரு கற்பனை அணி வச்சுக்கணும். நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்துல எடுக்கணும். நிஜ ஆட்டத்துல அவங்க சேர்க்கிற எண்களை வச்சு ஜெயிக்கணும். 1980-ல் அந்த லீக் தொடங்குச்சு. நியூயார்க்ல நண்பர்கள் கூடிப் பேசின 'லா ரோட்டிசரி ஃபிரான்சேஸ்'ங்கிற உணவகத்தின் பேரால அது ரோட்டிசரி லீக் ஆச்சு. 1984-ல் விதிகள் புத்தகமாவே வந்துச்சு. இன்னைக்கு நாம பார்க்கிற ஃபேண்டசி பேஸ்பாலுக்கு நேரடி முன்னோடி இதுதான்.

அந்த விதிகள்ல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க.

முதல் விஷயம்: ஒவ்வொரு அணிக்கும் 260 டாலர், 23 ஆட்டக்காரர்கள். அதுல கேட்சர் கட்டாயம் ரெண்டு பேர். முதல் லீக்ல நேஷனல் லீக் ஆட்டக்காரர்களை மட்டும்தான் எடுத்தாங்க. அப்போ நேஷனல் லீக்ல இருந்தது 12 அணி. கற்பனை அணி பத்துன்னு வச்சா 20 கேட்சர் தேவை. ஆனா நிஜத்துல முதல்நிலை கேட்சர் 12 பேர்தான். மீதி எட்டு இடத்துக்கு பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற மாற்று கேட்சரை எடுக்கணும். கடையில தக்காளி வரத்து குறைஞ்சா சுமாரான தக்காளிக்கும் விலை ஏறுமே, அதே கதைதான். பேட்டிங் தெரிஞ்ச கேட்சருக்குத் திடீர்னு பொன் விலை வந்துடுச்சு.

ரெண்டாவது விஷயம்: பேட்டர்களுக்குப் புள்ளி தர்ற இனங்கள் அப்போ நாலு. பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ, திருடின பேஸ். குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறது, பிட்சரை வழிநடத்துறது, ஓடுறவனைத் தடுக்கிறது, இது எதுக்கும் புள்ளி கிடையாது. கேட்சருக்கு அந்தப் பேரைக் கொடுத்த வேலைக்கே இந்த விளையாட்டுல மதிப்பு பூஜ்யம். ஆனா அந்த வேலைதான் அவர் எத்தனை ஆட்டம் ஆடுவார்னு தீர்மானிக்குது.

சொந்த ஊர்ப் பையன்

இப்போ மாவர். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்துப் பையன். 2001 டிராஃப்ட்ல சொந்த மாநில அணியே அவரை நாட்டின் முதல் தேர்வா எடுத்துச்சு. 2004-ல் அறிமுகமாகி ரெண்டாவது ஆட்டத்துலயே முழங்கால்ல காயம், அறுவை சிகிச்சை. அந்த வருஷம் மொத்தம் 35 ஆட்டம்தான்.

2006-ல் சராசரி .347. அமெரிக்கன் லீக் வரலாற்றில் பேட்டிங் பட்டம் வாங்கின முதல் கேட்சர் அவர்தான். 2008-ல் மறுபடியும். 2009-ல் இடுப்பு, முதுகு வலியால ஏப்ரல் மாசம் முழுக்க ஆடல. மே 1-ம் தேதி வந்து முதல் தடவை மட்டையைத் தூக்கினப்பவே ஹோம் ரன். அந்த வருஷம் .365 சராசரி, 28 ஹோம் ரன், எம்விபி விருது. அமெரிக்கன் லீக்ல மூணு பேட்டிங் பட்டம் வாங்கின கேட்சர் அவர் ஒருத்தர்தான்.

2010 மார்ச்ல ட்வின்ஸ் எட்டு வருஷத்துக்கு 184 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டாங்க. ஃபேண்டசி டிராஃப்ட்லயும் அவர் பேர் ரொம்ப முன்னாடியே போயிடும்.

2011-ல் எல்லாம் சரிஞ்சுது. முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அப்புறம் வந்த சீசன் அது. அணி வெளியிட்ட காரணம் 'இரு கால்களிலும் பலவீனம்'. மினசோட்டாவுல அது ஒரு ஜோக்காவே ஆகிடுச்சு. ஆடினது 82 ஆட்டம், மூணு ஹோம் ரன்.

ஒரு சின்ன கணக்கு

ரொம்பப் பேர் சராசரியை மட்டும் பார்த்து விலை வைப்பாங்க. சராசரிக்கு எடை போடுறது எத்தனை தடவை பேட் பண்ணார்ங்கிறதுதான்.

2009-ல் மாவர் 523 அட் பேட்ல 191 ஹிட். அவர் இடத்துல .270 அடிக்கிற ஒரு சாதாரண ஆள் இருந்தா 141 ஹிட் வரும். அப்போ மாவர் உங்க அணிக்குக் கூடுதலா 50 ஹிட் தந்திருக்கார். 2011-ல் 296 அட் பேட்ல 85 ஹிட், சராசரி .287. அதே சாதாரண ஆள் 80 அடிப்பார். வித்தியாசம் வெறும் 5. சராசரி .365-ல இருந்து .287-க்கு இறங்குச்சுன்னு பார்த்தா பெரிய சரிவு. ஆனா பயன் 50-ல இருந்து 5 ஆகியிருக்கு. இது அதைவிடப் பெரிய சரிவு. காயம் ரெண்டு பக்கமும் அடிக்கும்: ஆடுற நாளைக் குறைக்கும், ஆடுற நாள்லயும் ஆட்டத்தைக் குறைக்கும்.

அவர் இல்லாத நாள்ல உங்க அணியில அந்த இடம் காலியா இருக்கணும்னு இல்லை. கிடைக்கிற இன்னொரு கேட்சரைப் போடலாம். அதனால சரியான கேள்வி, 'மாவர் 110 ஆட்டம், கூட மாற்று ஆள் 50 ஆட்டம், ரெண்டும் சேர்ந்தா என்ன வரும்?' அப்படிங்கிறதுதான். பத்து அணி லீக்ல, அணிக்கு ஒரு கேட்சர்னா, மாற்று ஆள் சுலபமா கிடைப்பார்; ரிஸ்க் எடுக்கலாம். அணிக்கு ரெண்டு கேட்சர் வேணும்ங்கிற லீக்ல மாற்று ஆளே இருக்கமாட்டார். ஒரே காயத்துக்கு ரெண்டு லீக்ல ரெண்டு விலை.

2011-ஐ பார்த்துப் பயந்து 2012-ல் அவரை விட்டவங்க ஏமாந்தாங்க. அந்த வருஷம் 147 ஆட்டம், .319 சராசரி, 85 ஆர்பிஐ. ட்வின்ஸ் அவரைப் பாதி நாள் மட்டும் கேட்சரா உட்கார வச்சு, மீதி நாள் முதல் பேஸிலும் வெறும் பேட்டராவும் இறக்கினாங்க. ஃபேண்டசியில ஒருத்தர் ஒரு இடத்துல 20 ஆட்டம் ஆடியிருந்தாலே பொதுவா அடுத்த வருஷமும் அந்த இடத்துக்குத் தகுதி உண்டு. கேட்சர் முத்திரையும் வேணும், கேட்சர் வேலை குறைவாவும் இருக்கணும். விவரமானவங்க தேடுற ஆள் இதுதான்.

எல்லாக் காயமும் ஒண்ணில்லை

'காயப்படுற ஆள்'னு ஒரே முத்திரை குத்திடறோம். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் கேட்சர் பஸ்டர் போஸியைப் பாருங்க. 2011 மே மாசம் ஹோம் பிளேட்ல ஓடி வந்தவர் மோதினதுல கால் எலும்பு முறிஞ்சு, கணுக்கால் தசைநார் கிழிஞ்சு, சீசனே முடிஞ்சது. அடுத்த வருஷம் .336, 24 ஹோம் ரன், 103 ஆர்பிஐ, எம்விபி. அது ஒரு விபத்து. எலும்பு கூடிடுச்சு. அந்த மோதலுக்கு அப்புறம் கிளம்பின விவாதம், 2014-ல் மோதலைக் கட்டுப்படுத்துற விதியா வந்து நின்னுச்சு.

மாவருடைய முழங்கால் தேய்மானம் வேற வகை. அது குறையும், திரும்ப வரும். மூணாவது வகை ஒண்ணு இருக்கு. அது தலையில படுறது.

2013 ஆகஸ்ட் 19. நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான ஆட்டம். மட்டையில உரசின பந்து மாவரின் முகமூடியில அடிச்சுது. மூளை அதிர்ச்சின்னு தெரிய வந்து, இந்தக் காயத்துக்குன்னே 2011-ல் கொண்டு வந்த ஏழு நாள் பட்டியல்ல அவர் பேரைப் போட்டாங்க. ஏழு நாள் போச்சு, சீசனும் போச்சு. அப்போ அவர் .324 அடிச்சுக்கிட்டிருந்தார். நவம்பர்ல அறிவிப்பு வந்துச்சு: இனி கேட்சர் கிடையாது, முதல் பேஸ்தான்.

ஃபேண்டசி உலகத்துல சில பேருக்கு இது நல்ல செய்தியா பட்டுச்சு. 2014-க்கு அவருக்குக் கேட்சர் தகுதி இருக்கு, ஆனா குந்தி உட்கார வேண்டாம். நிறைய ஆட்டம் ஆடுவார்னு கணக்குப் போட்டாங்க. வந்தது 120 ஆட்டம், .277, நாலு ஹோம் ரன். 2015-ல் 158 ஆட்டம் ஆடினார். அவர் வாழ்க்கையிலயே அதிகம் அதுதான். சராசரி .265, பத்து ஹோம் ரன். இருபது, முப்பது ஹோம் ரன் எதிர்பார்க்கிற முதல் பேஸ் இடத்துல அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. பிற்பாடு பார்வை மங்கலா இருந்ததைப் பத்தி அவரே பேசினார். ஆனா அதுக்குள்ள 184 மில்லியனை வச்சு அவரைத் திட்டினவங்க நிறைய.

யோசிச்சுப் பாருங்க. அதிகமா ஆடின வருஷத்துல விலை அடிமட்டம். முகமூடி போட்டிருந்தவரைக்கும்தான் விலை, அந்த முகமூடியில பட்ட அடிதான் ஆட்டத்தையே எடுத்துக்கிட்டுப் போச்சு. நம்ம ஆப்ல அவர் பேருக்குப் பக்கத்துல ஒரு சின்னக் குறி மட்டும் தெரியும். முழங்கால் சுளுக்குக்கும் மூளை அதிர்ச்சிக்கும் அங்கே கிட்டத்தட்ட ஒரே குறிதான். கணக்குப் போடுறது தப்பில்லை, நானும் போடுறேன். ஆனா தலையில அடிபட்டவர் எப்போ திரும்புவார்னு கேட்கிறப்போ, நம்ம வாரப் புள்ளிக்காக ஒரு மனுஷன் சீக்கிரம் வரணும்னு ஆசைப்படறோம்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும்.

2018 செப்டம்பர் 30. மாவரின் கடைசி ஆட்டம். கடைசி பேட்டிங்ல ஒரு டபுள் அடிச்சார். ஒன்பதாவது இன்னிங்ஸ்ல கவசம் எல்லாம் கட்டிக்கிட்டு, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் கேட்சரா வந்து குந்தினார். ஒரே ஒரு பந்து பிடிச்சார். மைதானம் எழுந்து நின்னு கைதட்ட, வெளியே போயிட்டார். 2024-ல் ஹால் ஆஃப் ஃபேம். தேவை 75 சதவீத ஓட்டு, கிடைச்சது 76.1.

அந்த ஒரு பந்துக்கு எந்த ஃபேண்டசி லீக்லயும் புள்ளி கிடையாது.

இந்த எபிசோடு அவ்வளவுதான். உங்க டீம்ல காயம்பட்டவரை வச்சிருந்து ஜெயிச்ச கதையோ தோத்த கதையோ இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.