குரோனிங்கன் எரிவாயு வயலும் மணற்கல்லின் தரமும்

நெதர்லாந்தின் வடகிழக்கிலுள்ள குரோனிங்கன் மாகாணத்தின் அடியில், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்தில் மணற்கல் அடுக்கு ஒன்று பரந்து கிடக்கிறது. 1959ஆம் ஆண்டு ஸ்லோக்டெரன் என்னும் ஊருக்கு அருகே தோண்டப்பட்ட ஆழ்துளைக் கிணறு, அந்த அடுக்கில் பெருமளவு இயற்கை எரிவாயு இருப்பதைக் காட்டியது. மேற்கு ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய எரிவாயு வயல் கண்டறியப்படவில்லை. எடுக்கத்தக்க வாயுவின் அளவு சுமார் 2.8 இலட்சம் கோடி கன மீட்டர் என மதிப்பிடப்பட்டது. இவ்வளவு வாயுவைத் தேக்கி வைக்கும் தரம் அந்த மணற்கல்லுக்கு எவ்வாறு வந்தது என்பதையும், அதே தன்மை பின்னர் மேலே வாழ்ந்த மக்களை எவ்வாறு பாதித்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

துளைமையும் ஊடுருவு திறனும்

நிலத்தடியில் எரிவாயு ஏரிபோலத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் மணல் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளில்தான் அது அடைந்திருக்கிறது. ஒரு வாளி நிறைய ஆற்றுமணலை எடுத்து அதில் மெதுவாக நீர் ஊற்றினால், வழியாமலே கணிசமான நீர் உள்ளே இறங்கும். நீர் புகுந்த அந்த வெற்றிடத்தின் விகிதமே துளைமை எனப்படும்.

துளைமை மட்டும் போதாது. துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் வாயு கிணற்றை நோக்கி நகரும். இப்பண்பு ஊடுருவு திறன் எனப்படும். களிமண்ணில் துளைமை அதிகம். ஆனால் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் நீர் எளிதில் கடப்பதில்லை. மணல் வழியாக நீர் செல்லும் விதியை 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி வெளியிட்டார். ஊடுருவு திறனின் அலகு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பாலைவனத்தில் படிந்த மணல்

குரோனிங்கன் மணற்கல் பெர்மியன் காலத்தின் பிற்பகுதியில், சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. அப்போது அப்பகுதி வறண்ட பாலைவனம். மழை பெய்யும்போது மட்டும் ஓடிய ஆறுகள் தெற்கிலிருந்து சரளையையும் மணலையும் கொண்டுவந்தன. காற்று அம்மணலை அள்ளிக் குன்றுகளாகக் குவித்தது. வடக்கே இருந்த உப்பு ஏரியில் களிமண் படிந்தது.

மணற்கல்லின் தரத்தில் முதற்பங்கு இந்தப் படிவுச் சூழலுக்கே உரியது. காற்று ஒரே அளவுள்ள துகள்களைப் பிரித்துச் சேர்ப்பதால் மணற்குன்றுகளில் இடைவெளிகள் திறந்திருக்கும். வெள்ளமோ பெரிய துகள், சிறிய துகள், வண்டல் எல்லாவற்றையும் கலந்து கொட்டுகிறது. அங்கே சிறியவை பெரியவற்றின் இடைவெளிகளை அடைத்துவிடும். இதனால் ஒரே அடுக்கிற்குள்ளேயே இடத்துக்கு இடம் தரம் மாறுகிறது. உப்பு ஏரியை நோக்கி வடக்கே செல்லச் செல்லக் களிமண் மிகுந்து தரம் குறைகிறது.

புதைந்த பின் நேர்ந்த மாற்றங்கள்

புதிதாகப் படிந்த, சீரான மணலில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம் இருக்கும். மேலே படிவுகள் குவியக் குவிய அவற்றின் எடையால் துகள்கள் நெருங்குகின்றன. நிலத்தடி நீரில் கரைந்துள்ள குவார்ட்ஸ், கார்பனேட் போன்ற கனிமங்கள் இடைவெளிகளில் படிந்து துகள்களை ஒட்டவைக்கின்றன. குரோனிங்கனில் இவ்வளவுக்குப் பிறகும் பல இடங்களில் 15 முதல் 20 சதவீதம் துளைமை எஞ்சியிருந்தது. அந்த ஆழத்தில் இது நல்ல அளவு.

இதே மணற்கல் வடகடலின் தென்பகுதியில் சில இடங்களில் இன்னும் ஆழமாகப் புதைந்தது. அங்கு இல்லைட் என்னும் களிமண் கனிமம் மெல்லிய இழைகளாகத் துளைகளுக்குள் வளர்ந்துள்ளது. இழைகள் பிடித்துக்கொள்ளும் இடம் சிறிது. எனவே துளைமை பெரிதும் குறைவதில்லை. ஆனால் துளைகளை இணைக்கும் வழிகளில் அவை வலைபோலப் பின்னிக்கொள்வதால் ஊடுருவு திறன் பல மடங்கு சரிந்துவிடுகிறது.

தரமான தேக்கப் பாறை இருந்தாலும் வாயு வரவும் தங்கவும் வழி வேண்டும். குரோனிங்கனில் மணற்கல்லுக்கு அடியிலிருந்த 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய நிலக்கரிப் படிவுகள் வாயுவைத் தந்தன. மேலே படிந்த தடித்த உப்பு அடுக்கு, வாயு வெளியேறாதபடி மூடியாக அமைந்தது.

வாயு வெளியேறிய பின்

1963இல் உற்பத்தி தொடங்கியது. 1970களின் நடுப்பகுதியில் அது உச்சத்தை எட்டியது. நெதர்லாந்தின் வீடுகளில் அடுப்பும் வெப்பமூட்டியும் இந்த வாயுவால் இயங்கின. அரசுக்குப் பெரும் வருவாயும் கிடைத்தது.

தொடக்கத்தில் பாறைக்குள் வாயுவின் அழுத்தம் சுமார் 350 பார். மேலுள்ள 3 கிலோமீட்டர் தடிப்புப் பாறையின் சுமையை மணல் துகள்களோடு சேர்ந்து இந்த வாயு அழுத்தமும் தாங்கியிருந்தது. வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் 100 பாருக்கும் கீழே இறங்கியது. சுமை துகள்கள் மீது மேலும் விழ, மணற்கல் சுருங்கத் தொடங்கியது. துளைமை மிகுந்த பகுதிகளே அதிகம் சுருங்கின. அதாவது வாயுவை மிகுதியாகத் தேக்கிய அதே பண்புதான் சுருக்கத்தையும் மிகுதியாக்கியது. நிலமட்டம் சில இடங்களில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்தது.

இந்த அடுக்கைப் பல பிளவுகள் வெட்டிச் செல்கின்றன. பிளவின் இருபுறமும் சுருக்கம் சமமாக இல்லாதபோது பாறை திடீரென நழுவி நிலநடுக்கம் உண்டாகிறது. 1986இல் அருகிலுள்ள அசென் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, வாயு எடுப்பதே காரணம் என்று புவியியலாளர் மீண்ட் வான் டெர் ஸ்லாய்ஸ் கூறினார். அவர் கூற்றை அப்போது பொறுப்பிலிருந்தோர் ஏற்கவில்லை. 1993இல் வெளியான ஆய்வறிக்கை அத்தொடர்பை ஒப்புக்கொண்டது. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹாய்சிங்கே என்ற சிற்றூரில் 3.6 அளவு நடுக்கம் ஏற்பட்டது. எண்ணளவில் இது சிறியது. ஆனால் தோன்றிய ஆழம் வெறும் 3 கிலோமீட்டர். மேற்பரப்பு மண்ணோ மென்மையானது. செங்கல் வீடுகளும் நிலநடுக்கத்தை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. ஆயிரக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது. இழப்பீட்டுக்காக மக்கள் பல ஆண்டுகள் அலைய நேர்ந்தது.

2018இல் உற்பத்தியை முடிவுக்குக் கொண்டுவர அரசு தீர்மானித்தது. 2023 அக்டோபர் 1 அன்று வழக்கமான உற்பத்தி நின்றது. 2024 ஏப்ரலில் நிரந்தர மூடலுக்கான சட்டம் நிறைவேறியது. பெருமளவு வாயு இன்னும் உள்ளேயே இருக்கிறது. கிணறுகள் மூடப்பட்ட பின்னும் அழுத்த வேறுபாடுகள் முழுதும் சமனாகக் காலம் பிடிக்கும் என்பதால், சிறு நடுக்கங்கள் தொடரக்கூடும். ஒரு மணற்கல்லின் தரத்தை மதிப்பிடும்போது, அதிலிருந்து எவ்வளவு வாயு கிடைக்கும் என்பதோடு, அது வெளியேறியபின் பாறை எவ்வளவு சுருங்கும் என்பதையும் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும் என்பதற்குக் குரோனிங்கன் சான்றாக உள்ளது.