எதிர்பார்த்த விடையும் கிடைத்த விடையும்

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் டினா பிட்டன், டேவிட் டிவிட், கேரலின் டர்பிஃபில் என்னும் மூவர், அக்காலத்துத் தரவுத்தள மென்பொருள்களின் வேகத்தை அளந்து பார்க்கும் உத்தேசத்துடன், எந்தக் கடையின் கணக்குமல்லாத, எந்த ஆபீசின் ஊழியர் பட்டியலுமல்லாத, முற்றிலும் செயற்கையான அட்டவணைகளைச் சிருஷ்டித்தார்கள். அவற்றில் பெரியவை 10,000 வரிசைகள் கொண்டவை. அவற்றின் பத்திகள் பலவற்றுக்கு 'இரண்டு', 'நான்கு', 'பத்து', 'இருபது', 'நூறு' என்று எண்களே பெயர். 'பத்து' என்ற பத்தியில் பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான எண்கள் மட்டுமே சம அளவில் வரும்; ஆகவே அங்கே 3 என்ற எண்ணுள்ள வரிசைகள் எத்தனை என்று கேட்டால் சரியாக 1,000 என்று பதில் வரவேண்டும் என்பது, கேள்வி பிறக்கும் முன்பே தெரிந்த விஷயம். அந்த அளவைகளின் முடிவுகள் எல்லா வியாபாரிகளுக்கும் உவப்பாயிருக்கவில்லை. அனுமதியின்றி இத்தகைய ஒப்பீட்டு முடிவுகளை வெளியிடலாகாது என்று ஆரக்கிள் ஸ்தாபனம் தன் உரிம ஒப்பந்தத்தில் சேர்த்த நிபந்தனை இன்றளவும் 'டிவிட் ஷரத்து' என்றே வழங்குகிறது. அளந்து சொன்னவரின் பெயர், அளவைச் சொல்லாதே என்னும் கட்டளைக்கு வாய்த்ததைப் பரிகாசம் என்பதா, பெருமை என்பதா என்று எனக்கு நிச்சயமில்லை.

வேகத்தை அளக்கப் பிறந்த அந்த அட்டவணைகள், கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் 1986இல் தொடங்கி, 1996இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற நாமகரணம் பெற்ற தரவுத்தளத்தின் சோதனைத் தொகுதியிலே புகுந்து, அளவை உத்தியோகத்தை விட்டுச் சோதனை உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டன. இன்றும் அந்த மூலநிரலைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் அதே பத்திகளையும், அவற்றின் பக்கத்திலேயே பெர்க்லி வட்டாரத்துத் தெருக்களையும் நெடுஞ்சாலைகளையும் குறிக்கும் ஒரு பட்டியலையும் காணலாம்.

அங்கே அனுசரிக்கப்பட்ட சோதனை முறை மிக எளியது. கட்டளைகள் அடங்கிய கோப்பு ஒன்று. அக்கட்டளைகளுக்கு வரவேண்டிய விடைகள் அடங்கிய கோப்பு மற்றொன்று. சர்வரிடம், அதாவது இயங்கும் தரவுத்தள மென்பொருளிடம், கட்டளைகளைக் கொடுத்து, கிடைத்த விடையை மூன்றாவது கோப்பில் பதிந்து, எதிர்பார்த்த விடையோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபாடு ஏதும் இல்லையென்றால் தேறியது என்றும், ஓரெழுத்து மாறினாலும் தவறியது என்றும் யந்திரமே தீர்ப்புச் சொல்லும். ஆனால் எளிய விதியை உலகத்தின்மீது பிரயோகிக்கும்போது உலகம் எளிதில் வசப்படுவதில்லை. தசம பின்னங்களின் கடைசி இலக்கம் யந்திரத்துக்கு யந்திரம் மாறியது. வரிசைக்கிரமம் கேட்காத கேள்விக்கு விடைகள் வெவ்வேறு வரிசையில் வந்தன. ஆகையால் ஒரே சோதனைக்கு இரண்டு மூன்று 'சரியான' விடைக் கோப்புகளை வைத்துக்கொண்டு, ஏதேனும் ஒன்றோடு பொருந்தினால் போதும் என்று சம்மதிக்க வேண்டியதாயிற்று. தற்செயல் எண்களைப் பரீட்சிக்கும் சோதனை ஒன்று, எப்போதாவது தவறினாலும் பொருட்படுத்த வேண்டாம் என்ற விசேஷச் சலுகையோடு நெடுங்காலம் வாழ்ந்தது. 2004இல் ஆண்ட்ரூ டன்ஸ்டன் ஏற்படுத்திய பில்ட்ஃபார்ம் என்ற ஏற்பாட்டில், பல தேசங்களிலுள்ள தன்னார்வலர்களின் யந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு பிராணியின் பெயரைத் தரித்துக்கொண்டு, இந்தச் சோதனைகளை இடைவிடாமல் ஓட்டி முடிவுகளை ஓரிடத்தில் சேர்க்கத் தொடங்கின.

சர்வரின் கதை இது. அந்த சர்வரை நிர்வகிக்கும் கருவிகளின் கதை வேறு. 1998ஆம் ஆண்டில் டேவ் பேஜ் என்பவர், போஸ்ட்கிரெஸின் 6.3.2 பதிப்புக்காகப் பிஜிமேனேஜர் என்ற கருவியை எழுதினார். அதுவே திருத்தி எழுதப்பட்டுப் பிஜிஅட்மின் ஆயிற்று. 2002 ஜனவரி 16இல் இரண்டாவது அவதாரமும், பின்னர் விஷுவல் பேசிக்கை விட்டு சி பிளஸ் பிளஸ் மொழிக்கு மாறிய மூன்றாவது அவதாரமும் வந்தன. அதே 1998இல் டோபியாஸ் ராட்ஷில்லர், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கென்று பிஎச்பிமைஅட்மினைத் தொடங்கி, 2000இல் அவகாசமின்மையால் விட்டுவிட, மறு ஆண்டு வேறு மூவர் அதை ஏற்று நடத்தினார்கள். இக்கருவிகள் செய்யும் வேலை, மனிதன் பொத்தானை அழுத்துவதையும் படிவத்தை நிரப்புவதையும் சர்வருக்குப் புரியும் கட்டளையாக மாற்றி அனுப்பி, வரும் விடையை மனிதன் பார்வைக்கு இதமாக அடுக்கி வைப்பது. சர்வரின் விடை எழுத்து. எழுத்தை எழுத்தோடு ஒப்பிடலாம். கருவியின் விடையோ திரையில் தோன்றும் காட்சி. காட்சிக்கு எதிர்பார்த்த விடைக் கோப்பு எழுதுவது எங்ஙனம்?

வேறிடங்களில் பிறந்த இரண்டு சாதனங்கள் இதற்கு வழி காட்டின. கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்காக வகுத்த சோதனை முறையை, 1997இல் அவரும் எரிக் காமாவும் ஜூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் போகும் வழியில் ஜாவா மொழிக்கு மாற்றி எழுதினார்கள் என்பது பிரசித்தம். அதன் வழித்தோன்றல் 2001இல் பைத்தான் மொழியின் 2.1 பதிப்போடு சேர்ந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் களத்தை அமைப்பது, பின்னால் அதைக் கலைப்பது என்ற சம்பிரதாயமே இம்முறையின் உயிர். மற்றொரு சாதனம் செலீனியம்: 2004இல் சிகாகோவின் தாட்வொர்க்ஸ் ஸ்தாபனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் எழுதியது, பிரௌசரைத் தானே திறந்து, மனிதன் அழுத்துவது போலவே பொத்தான்களை அழுத்துவது. மெர்க்குரி என்ற போட்டி ஸ்தாபனத்தின் பெயரை, அதாவது பாதரசத்தை, மனத்தில் கொண்டு, பாதரச விஷத்துக்கு மாற்று செலீனியம் என்ற வேடிக்கையில் அதற்கு அப்பெயர் வந்தது.

2016இல் பிஜிஅட்மினின் நான்காவது அவதாரம் பைத்தானில், பிரௌசரில் இயங்கும் மென்பொருளாகவே மறுபிறவி எடுத்த பின், இவ்விரு சாதனங்களும் அதற்குக் கைகொடுத்தன. அதன் சோதனைச் சட்டகத்தில் சர்வர்களின் விலாசங்கள் ஒரு கோப்பில் இருக்கும். ஒவ்வொரு சர்வரிடமும் எல்லாச் சோதனைகளும் ஓடும். ஒரே சோதனை, உள்ளீடுகள் மட்டும் மாறிப் பல சந்தர்ப்பங்களாக விரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒப்பிடுதலே கடினமான பாகமாகத் தோன்றும். உண்மையில் கடினம் கலைப்பதில் இருக்கிறது. யாராவது இணைந்திருக்கும் தரவுத்தளத்தை அழிக்கப் போஸ்ட்கிரெஸ் சம்மதிக்காது. இங்கேயோ அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது, பரீட்சைக்கு வந்த கருவியேதான். ஆகவே முதலில் கருவியைத் துண்டித்து, மிஞ்சிய இணைப்புகளை சர்வரிடமே சொல்லி முடித்துவைத்து, அதன் பிறகே தற்காலிகத் தரவுத்தளத்தை அழிக்க வேண்டும். இணைப்புகளைப் பலவந்தமாக நீக்கி அழிக்கும் கட்டளை 2020இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. இந்த ஒழுங்கு தவறினால் ஒரு சோதனையின் எச்சம் அடுத்த சோதனையைக் கெடுக்கும். குற்றமற்ற நிரல் தவறியதாகவும், குற்றமுள்ளது தேறியதாகவும் காட்டப்படும். சட்டகத்தை வகுப்பவரின் புத்தியில் பெரும்பகுதி செலவாவது இந்தத் துப்புரவுக் காரியத்தில்தான் என்பேன்.

ஆயினும் இச்சட்டகத்தில் எனக்கு மிகவும் ரசமாகப்படுவது பிற்பாடு வந்து சேர்ந்த ஒரு வகைச் சோதனை. கருவியின் மூலம் ஓர் அட்டவணையையோ விதியையோ சர்வரில் நிர்மாணித்து, பிறகு அதே கருவியிடம், 'இது எந்தக் கட்டளையால் உண்டாயிற்று?' என்று கேட்டால், அது சர்வரின் உட்குறிப்புகளைப் படித்து ஒரு கட்டளையை மீட்டெழுதும். அந்தக் கட்டளையை முன்பே எழுதி வைத்த கோப்போடு ஒப்பிடுவார்கள். காட்சியின் பின்னால் திரிந்த பரீட்சை, கடைசியில் எழுத்துக்கே, பெர்க்லியின் பழைய முறைக்கே, வந்து சேர்ந்துவிட்டது.

எதிர்பார்த்த விடை என்று நாம் மரியாதையோடு அழைக்கும் கோப்பு, ஆராய்ந்து நிரூபித்த சத்தியம் அன்று. ஒருநாள் கிடைத்த விடையை யாரோ ஒருவர் வாசித்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டு பத்திரப்படுத்தியது. நீதிமன்றத்தின் முன்தீர்ப்புக்கு உள்ள பலமும் பலவீனமும் அதற்கு உண்டு. வேறுபாடு தென்படும்போது, கிடைத்த விடையை எதிர்பார்த்த விடையின்மீது நகலெடுத்துவிடுவது ஒரே நொடியில் முடியும் காரியம். அவ்விதம் வாசியாமல் நகலெடுத்தால், ஒரு பிழை அன்றிலிருந்து சட்டமாகிவிடும்.

வாசித்து நகலெடுப்பதிலும் சிக்கல் உண்டு. 2019 அக்டோபரில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 12, வரிசைகளுக்கு மறைமுகமாக எண்ணிடும் ஒரு பழைய வசதியை நீக்கிற்று. அதுவரை அட்டவணைக் கட்டளைகளின் இறுதியில் 'அவ்வசதி வேண்டாம்' என்று கருவி எழுதிவந்த ஒரு தொடர் அன்றோடு அவசியமற்றுப் போயிற்று. புதிய பதிப்புக்குத் தொடரின்றி, பழைய பதிப்புக்குத் தொடரோடு: இரண்டும் சரி, இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே விடைக் கோப்புகள் பதிப்பு வாரியாகத் தனித்தனி அறைகளில் அடுக்கப்பட்டன, 12க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் ஓர் அறை, மற்றவற்றுக்கு ஓர் அறை என்று. ஆனால் பழைய பதிப்புகளும் என்றென்றும் நிலைப்பதில்லை: ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் சமூகத்தார் ஐந்தாண்டு ஆதரவே தருகிறார்கள். 11ஆம் பதிப்பின் காலம் 2023 நவம்பரில் முடிந்தது.