கடல்நீர்த் தூண்டில் ரீல் பராமரிப்பு

பெருங்களத்தூர் முதலிய சென்னைத் தென்புறநகர்களிலிருந்து கோவளத்துக்கும் முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் சென்று கொடுவா, பாரை முதலியவற்றுக்குத் தூண்டிலிடுவோர் பெரும்பாலும் கையாளுவது, 1905-இல் ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்த ஸ்பின்னிங் ரீலேயாகும். கடல்நீர் உலர்ந்தபின் எஞ்சும் உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்குமாதலால், வீடு சேர்ந்தவுடன் டிராக் திருகை இறுக்கி, நன்னீரை மெல்லத் தெளித்துக் கழுவி, நிழலில் உலர்த்தியபின் அத்திருகைத் தளர்த்திவைத்தல் அவசியம். குழாய்நீரை வேகமாகப் பீய்ச்சுவதோ உப்பை உள்ளே செலுத்தும் விபரீதம். பிரித்துத் துடைக்குங்கால் பல்சக்கரத்துக்குக் கிரீஸும் பேரிங்குக்குத் துளி எண்ணெயும் உரியன. கைப்பிடி பின்சுழலாது தடுக்கும் உருளைப் பேரிங்கில் கிரீஸ் மிகுந்தால் அது பிடிப்பிழந்து வழுக்கும். சுழற்றுகையில் நறநறவென்று ஒலிக்கும் பேரிங்கை மாற்றுவதே உத்தமம். கழற்றிய வரிசையில் வாஷர்களைத் துணிமீது பரப்பிவைக்காதவர், பூட்டி முடித்தபின் மிஞ்சிய ஒன்றை வெறித்து நோக்க நேரிடும்.