போன் திருத்தும் விலை குறைந்துவிட்டது: கொடுத்த காசில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாமா?

போனைத் திருத்திக் காசையும் கொடுத்து வீட்டுக்கு வந்த பிறகு அதே வேலையின் விலை குறைந்தால், வித்தியாசத்தைத் தரும்படி கடைக்காரரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. வேலையை ஒப்படைத்த நாளில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விலையே விலை. பிறகு டொலர் இறங்கினாலும், பக்கத்துக் கடை போட்டிக்கு விலையைக் குறைத்தாலும் அந்தக் கொடுக்கல் வாங்கல் செல்லுபடியானதுதான். ஆனால் கட்டாயப்படுத்த முடியாது என்பதற்காகக் கேட்கவே கூடாது என்று அர்த்தமில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. சில சந்தர்ப்பங்களில் சட்டமும் நம் பக்கம் வரும். எவை அந்தச் சந்தர்ப்பங்கள் என்று பிரித்து அறிவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் கொஸ்லாந்தைப் பக்கம் வந்து பார்க்கலாம். ஒரு லயன் காம்பராவில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கும். பிள்ளைக்கு வாத்தியார் அனுப்பும் பாடம், குவைத்திலிருந்து மகள் அனுப்பிய காசின் இலக்கம், கிளினிக் திகதி, நிலச்சரிவு எச்சரிக்கை எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தயில் மலை சரிந்து லயன்களை மூடியது. அதற்கு முன்னர் 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை லயன் வாசல்வரை வந்து சேர்ந்ததா என்ற கேள்வி இன்றும் எங்கள் மத்தியில் இருக்கிறது. ஆகவே மழைக்காலத்தில் திரை உடைந்த போனோடு இருப்பது வெறும் அசௌகரியம் அல்ல. என்ன விலை சொன்னாலும் திருத்தியாக வேண்டும் என்ற நிலையில்தான் எங்கள் ஆட்கள் கடைப்படி ஏறுகிறார்கள். அது கடைக்காரருக்கும் தெரியும்.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? திரை, பற்றரி, சார்ஜ் ஏறும் முனை எல்லாமே இறக்குமதிப் பொருட்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் அது 360ஐத் தாண்டிவிட்டது. 2023 ஜூன் அளவில் மீண்டும் 300க்குக் கிட்ட இறங்கியது. உச்சத்தில் வாங்கிய திரையைக் கடைக்காரர் உச்ச விலைக்கே பொருத்துவார். அடுத்த கட்டு மலிவாக வந்து சேர்ந்ததும் பலகையில் விலையை மாற்றுவார். இடையில் மாட்டிக்கொண்டவர்தான் நட்டப்பட்டவர்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கேட்டுப் பெற்ற பெரிய உதாரணம் அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் பற்றரி விவகாரம். பற்றரி பழசாகும்போது சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் தானே குறைத்ததை 2017 டிசம்பரில் அந்த நிறுவனம் ஒத்துக்கொண்டது. போன் திடீரென அணைந்து போவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும் மன்னிப்புக் கேட்டு, உத்தரவாதம் முடிந்த போன்களின் பற்றரியை மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராக ஒரு வருடத்துக்குக் குறைத்தது. உடனே எழுந்த கேள்வி நம் கேள்வியேதான்: முந்தின மாதம் 79 டொலர் கொடுத்தவனின் கதி என்ன? 2018 மே மாதத்தில் பதில் வந்தது. 2017 ஜனவரி 1க்கும் டிசம்பர் 28க்கும் இடையில் முழுக் கட்டணம் கொடுத்தவர்களுக்கு 50 டொலர் திருப்பித் தரப்படும் என்று அறிவித்தார்கள்.

அந்த 50 டொலருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அப்பிளின் சொந்தக் கடையிலோ அங்கீகரிக்கப்பட்ட நிலையத்திலோ மாற்றியிருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் மாற்றியவருக்கு ஒன்றுமில்லை. அப்பிளுக்கு இலங்கையில் சொந்தக் கடையே கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால், பெரிய நிறுவனங்களின் தாராளம் நம் பக்கம் வந்து சேருவதற்குள் எவ்வளவு மெலிந்துவிடுகிறது என்று விளங்கும். இதற்கு முன்பும் ஒரு தடவை இப்படி நடந்திருக்கிறது. 2007 ஜூனில் முதலாவது ஐபோன் 599 டொலருக்கு வந்தது. செப்டெம்பரில் அதை 399 ஆக்கினார்கள். முதலில் வாங்கியவர்கள் கொதித்ததும், ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி 100 டொலர் பெறுமதியான கடைக் கடன் கொடுத்தார். கையில் காசு கொடுக்கவில்லை, அவர்கள் கடையிலேயே செலவழிக்க வேண்டிய கடன். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க் கடைக்காரரும் அநேகமாக அதைத்தான் நீட்டுவார்.

இனி இலங்கைச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலை குறைந்ததற்காக மீளளிப்புத் தரச் சொல்லவில்லை. ஆனால் ஏமாற்றும் விதமாக நடப்பதையும் பொய்யான விபரம் சொல்லி விற்பதையும் அது தடுக்கிறது. ஒரிஜினல் திரை என்று சொல்லி ஒரிஜினலின் விலையை எடுத்துக்கொண்டு கொப்பி ஒன்றைப் பொருத்தியிருந்தால், அது விலை குறைந்த கதை அல்ல, வேறு கதை. ஒரு சேவையைச் செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், அதற்குப் பாவிக்கும் பொருள் வேலைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே அடங்கிய உத்தரவாதம். கடைக்காரர் வொரண்டி இல்லை என்று வாயால் சொல்வதால் அது இல்லாமல் போய்விடாது. முற்பணம் மட்டும் கொடுத்து வேலை இன்னும் தொடங்காமல் இருந்தாலும் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. முடிந்துபோன வேலையைப் பற்றிக் கெஞ்சுவதை விட, தொடங்காத வேலையின் விலையைப் பேசுவது எவ்வளவோ சுலபம்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், பேசும் விதம் விளங்கும் என்பதற்காக. 2023 பெப்ரவரியில் நகரக் கடையொன்றில் திரை மாற்ற 19,500 ரூபா கொடுத்தேன். தோட்டத்து நாட்சம்பளம் அப்போது ஆயிரம் ரூபா. மே மாதம் அந்தப் பக்கம் போனபோது அதே திரைக்கு 13,000 என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை நின்றுவிட்டு, பற்றுச்சீட்டை எடுத்து வைத்தேன்.

“முதலாளி, உங்கள் வேலையில் குறை ஒன்றும் இல்லை. மூன்று மாதம்கூட ஆகவில்லை, 6,500 ரூபா வித்தியாசம். ஏதாவது பார்த்துச் செய்ய முடியுமா?” என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு கட்டு பில்லை எடுத்துக் காட்டினார். “தம்பி, உங்களுக்குப் போட்ட திரையை நான் வாங்கியது இந்த விலைக்கு. அதில் எனக்கு மிஞ்சியது இரண்டாயிரம்தான்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் 2,000 ரூபாவைக் கையில் தந்தார். வீங்கத் தொடங்கியிருந்த பற்றரியைக் கூலி எடுக்காமல் மாற்றித் தந்தார். பற்றரியின் விலையை நான் கொடுத்தேன். முழு வித்தியாசத்துக்கும் அடம் பிடித்திருந்தால் ஒரு சதமும் வந்திருக்காது என்பதே என் கணிப்பு. அந்தக் கடைக்கு இப்போதும் போகிறேன்.

கேட்கும்போது கையில் இருக்க வேண்டியது பற்றுச்சீட்டு. திகதி, செய்த வேலை, போட்ட பாகம் ஒரிஜினலா கொப்பியா, விலை, வொரண்டி எத்தனை நாள் என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் துண்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தால், அந்த இடத்திலேயே மற்றதையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைப் படமெடுத்து உறவினர் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். மீரியபெத்தயில் தப்பியவர்கள் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மண்ணுக்குள் போன நிலையில் முகாமில் நின்றார்கள். முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆணைக்குழு ஆணைக்குழுவாகப் பிரதி கொடுத்துக் களைத்தவர்களிடம் ஒரு கடைத் துண்டைப் பற்றிப் பேசுவது கூச்சமாகவும் இருக்கிறது. இருந்தாலும் ஒன்று: காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படமோ குரலோ போனில் மட்டும் இருக்குமானால், திருத்தக் கொடுக்க முன்னர் அதை வேறோர் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். எந்த மீளளிப்பும் அதை ஈடு செய்யாது.

கடைக்காரர் பேச மறுத்தால், அல்லது போட்ட பாகத்தில் ஏமாற்று இருந்தால், எழுத்தில் கேட்க வேண்டும். நீளமாக எழுதத் தேவையில்லை. “இன்ன திகதியில் இன்ன போனின் திரையை மாற்ற இவ்வளவு ரூபா செலுத்தினேன். ஒரிஜினல் என்று பற்றுச்சீட்டில் குறிப்பிடப்பட்டுள்ளது. பொருத்தப்பட்டது ஒரிஜினல் அல்ல என வேறு திருத்துநர் மூலம் அறிந்தேன். விலை வித்தியாசமான இவ்வளவு ரூபாவை 14 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இவ்வளவே போதும். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பிரதியையும் தபால் துண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. தொலைபேசி இலக்கம் 1977. பதுளையிலும் மாவட்ட அலுவலகம் உண்டு. சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். இன்று வா, நாளைக்கு வா என்று கடைக்காரர் இழுத்தடிக்கும் நாட்களும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் கழிகின்றன. விசாரித்த பிறகு நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் இருக்கிறது. விலை குறைந்தது மட்டுமே உங்கள் முறைப்பாடு என்றால் அங்கே போய்ப் பயனில்லை, பஸ் காசும் வீண்.

தமிழில் எழுதினால் எடுப்பார்களா என்று எங்கள் பக்கம் கேட்பார்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்வதும் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தரும் உரிமை. மீரியபெத்த அடங்கும் ஹல்துமுல்ல பிரதேச செயலாளர் பிரிவு 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட ஒன்று. நடைமுறையில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் கதிரையில் இல்லாத நாட்கள் உண்டு. அதற்காக, விளங்காத மொழியில் யாரோ எழுதித் தரும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதியதையே கொடுத்து, கிடைத்ததாகத் திகதியிட்டு முத்திரை வாங்குங்கள்.

பதுளைக்கு ஒரு கிழமை நாளில் பஸ் மாறிப் போய்வந்தால் ஒரு பேர் போய்விடும். 2024இல் நிர்ணயித்த கணக்கில் அது 1,350 ரூபாவாக இருந்தது, பஸ் காசு வேறு. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபா வித்தியாசத்துக்கு அந்தப் பயணம் கட்டாது. அப்படியான சிறிய பிணக்குக்கு 1988ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபையே பொருத்தம். சட்டத்தரணி தேவையில்லை, செலவு இல்லை என்றே சொல்லலாம். பெரும்பாலும் சனி, ஞாயிறில் கூடுவதால் பேரும் போகாது. உங்கள் பிரிவின் சபை எங்கே கூடுகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் அல்லது கிராம சேவகரிடம் கேட்டால் சொல்வார்கள்.