வாற்சக்கரத்தின் கதை

சக்கரங்கள் நிலத்தைத் தொட்டதும், பயணம் முடிந்ததென்று பயணிகள் பெருமூச்சு விடுவர். டக்கோட்டா விமானங்களின் காலத்திலோ, விமானியின் கால்களுக்குக் கடுமையான வேலை அந்தக் கணத்திலேதான் தொடங்கிற்று.

இலங்கை மக்களுக்கு டக்கோட்டா அந்நியமானதன்று. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சேவை தொடங்கியபோது அதனிடமிருந்தவை மூன்று டக்கோட்டாக்களே. சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி என்பன அவற்றின் பெயர்கள்.

இவ்விமானம் நிலத்தில் நிற்கையில் மூக்கை வானுக்கு உயர்த்தி, வாலைத் தாழ்த்தி நிற்கும். பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னே; சிறு சக்கரமொன்று வாலின் கீழே. பாரத்தின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்திருக்கும். தொல்லை முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. ஓடும் விமானம் சற்றே கோணினால், சக்கரங்கள் முன்னே நின்று தடுக்க, பின்னுள்ள பாரம் அவற்றை முந்தப் பார்க்கும். சிறிய கோணல் கணத்தில் பெரிதாகும். சுக்கானும் உதவாது, வேகம் குறையக் குறைய அதன்மீது படும் காற்று மெலிந்துவிடும். பக்கக் காற்று வீசினாலோ, நெடிய வால் காற்றுத்திசை காட்டியைப்போல் திரும்ப, மூக்குக் காற்றை நோக்கிச் சாயும். திருத்தம் ஒரு நொடி பிந்தினால் விமானம் பாதையை விட்டு விலகிச் சுழன்று நிற்கும். சக்கரக் கால் முறிவதும், இறக்கை நிலத்தில் உரசுவதும் உண்டு. விமானியின் கவனக்குறைவென்று ஊரார் கூறுவது எளிது. யந்திரத்தின் அமைப்பிலேயே பாதிக் குற்றம் உறைந்திருந்தது.

அப்படியாயின் அவ்வாறு அமைத்தது ஏன்? மூக்குச் சக்கரத்தை அறியாமையால் அன்று. அமெரிக்கரான கிளென் கேர்டிஸ் 1908இலேயே முன்சக்கரம் உள்ள விமானத்தைப் பறக்கவிட்டார். ஆனால் அக்கால விமானத் தளங்கள் மேடுபள்ளமான புல்வெளிகள். மெல்லிய முன்சக்கரம் பள்ளத்தில் சிக்கினால் முறியும். சுழலும் விசிறியும் நிலத்திலிருந்து நன்கு உயர்ந்திருக்க வேண்டும். ஆகவே வால் தாழ்ந்தது. புல்வெளி பொறுமையுள்ளது, சக்கரம் வழுக்கிச் செல்ல இடங்கொடுக்கும். எத்திசையிலிருந்து காற்று வீசினும் அதனை எதிர்கொண்டு இறங்கவும் அங்கு இடமிருந்தது. கொங்கிறீற்றுப் பாதை வந்தபின் அச்சலுகை இல்லை. பாதை ஒரு திசை, காற்று மற்றொரு திசை. றப்பர்ச் சக்கரமும் தரையை இறுகப் பற்றிக்கொள்ளும்.

மூக்குச் சக்கரம் பூண்ட டக்ளஸ் டீ.சீ.4 விமானம் 1942இல் பறந்தது. சிறிய விமானங்களில் அம்மாற்றம் பரவப் பின்னும் காலஞ் சென்றது. செஸ்னா 172 வெளிவந்தது 1956இல். எயர் சிலோன் 1964இல் வாங்கிய அவ்ரோ 748 விமானமும் அவ்வமைப்பினதே. பாரம் இப்போது பெரிய சக்கரங்களுக்கு முன்னே வந்தமையால், கோணிய விமானம் தானே நேராக முனைகின்றது.

எனினும் மழைக்கு இவ்வமைப்பு முழு மருந்தன்று. 2023 செப்டெம்பர் 14ஆந் திகதி, விசாகப்பட்டினத்திலிருந்து எண்மருடன் வந்த லியர்ஜெற் 45 என்ற சிறு விமானம், பெருமழையில், பார்வைத்தூரம் 700 மீற்றராகக் குறைந்திருந்த வேளையில் மும்பாயில் இறங்கிற்று. அதற்கு மூக்குச் சக்கரம் இருந்தது. ஆயினும் அது ஓடுபாதையை விட்டு விலகிச் சிதைந்தது. காயமுற்றோர் இருந்தனர், எண்மரும் உயிர் தப்பினர்.